அடுத்த ஆட்டம் எப்போது?



இன்றைய தலைப்பு சூது. சூது என்றதும் தருமனையும் சகுனியையும் இழுத்துவந்து, பாஞ்சாலி சபதத்தில் நான்கு வரி பாடி, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று உங்களில் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். தருமனும் வருவார், சற்றுப் பொறுத்து வருவார். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

ஓணத்துக்கு ஒருமுறை வாளையாறு தாண்டிப் போய்க் கேரளத்து பம்பர் லாட்டரிச் சீட்டு ஒன்று வாங்கிவருகிறவர் இருக்கிறார். பொங்கலுக்குக் கரூர்ப் பக்கம் பூலாம்வலசுச் சேவல் கட்டுக்குப் போய்ப் பந்தயம் வைக்கிறவர் இருக்கிறார். கிண்டியில் குதிரை மேல் கட்டியவர்களைப் பார்த்திருப்பீர்கள். மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுகிறவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்தில் காட்டன் சூது எழுதுகிறவர் இருக்கிறார். நள்ளிரவில் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு பதின்மூன்று சீட்டை அடுக்கியவர்களும் நம் வீடுகளில் இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் காசு வைத்து ஆடியவர்கள்தாம். ஆனால் எல்லோரும் ஒரே அளவிலா அழிந்தார்கள்? எல்லோர் வீட்டு நகையுமா அடகுக் கடைக்குப் போனது? எல்லோர் வீட்டு வாசலிலுமா கடன்காரன் வந்து நின்றான்?

இல்லை. ஏன் இல்லை? சூதில் எது மனிதனைப் பிடித்து விழுங்குகிறது, எது கடித்துவிட்டு விட்டுவிடுகிறது? இதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நோய் எது என்று பார்த்துவிடுவோம். காசு வைத்து ஆடுகிறவர் எல்லாரும் நோயாளி ஆகிவிட மாட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் தன் நோய்ப் பட்டியலில் சூதைச் சேர்த்தது. அப்போது அதற்குக் கொடுத்த இடம், தன்னை அடக்கிக்கொள்ள முடியாத கோளாறுகளின் வரிசை. காரணமில்லாமல் திருடுகிறவர், காரணமில்லாமல் தீ வைக்கிறவர், அவர்கள் பக்கத்தில் சூதாடி. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2013-இல், அந்தச் சங்கம் இடத்தை மாற்றியது. குடி, கஞ்சா, அபின் இவற்றின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூதை உட்கார வைத்தது. உலக சுகாதார நிறுவனமும் இன்று அப்படித்தான் வகைப்படுத்துகிறது. நம் வள்ளுவர் 93-ஆம் அதிகாரத்தில் கள்ளுண்ணாமை வைத்தார். 94-இல் சூது வைத்தார். 95-இல்? மருந்து வைத்தார். இதைச் சொல்லி நாமே நம் முதுகைத் தட்டிக்கொள்ள நான் வரவில்லை. கள்ளையும் சூதையும் அடுத்தடுத்து வைத்தவர் மனித இயல்பை அருகிலிருந்து பார்த்தவர் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

மருத்துவர்கள் ஒன்பது அடையாளம் சொல்கிறார்கள். முன்பு நூறு ரூபாயில் கிடைத்த பரபரப்புக்கு இப்போது ஆயிரம் தேவைப்படுவது. ஆடாமல் இருந்தால் எரிந்து விழுவது. நிறுத்த முயன்று முயன்று தோற்பது. எந்நேரமும் அதே நினைப்பு. மனம் வாடினால் ஆட்டத்தைத் தேடுவது. விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பிப் போவது. வீட்டில் பொய் சொல்வது. வேலையையோ படிப்பையோ உறவையோ பறிகொடுப்பது. கடனை அடைக்க அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது. ஓர் ஆண்டுக்குள் இவற்றில் நான்கு இருந்தாலே அது நோய்.

இந்த ஒன்பதில் எனக்கு மிகவும் பயம் தருவது ஒன்றுதான். விட்டதைப் பிடிப்பது! இப்போது தருமன் வரலாம். நாடு போனது, தம்பியர் போனார்கள், தானும் போனான், பாஞ்சாலியும் போனாள். அத்தனையையும் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். போனதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. வண்டி கிளம்பிவிட்டது. பாதி வழியில் மறுபடியும் ஆட வா என்று அழைப்பு வருகிறது. தருமன் என்ன செய்தான்? திரும்பிப் போனான்! நம் கதாகாலட்சேபங்களில் முதல் ஆட்டத்தை மணிக்கணக்காகச் சொல்வார்கள்; இந்த இரண்டாம் ஆட்டத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் மகாபாரதத்துச் சூதின் உயிர் அந்த இரண்டாம் ஆட்டத்தில்தான் இருக்கிறது.

சரி, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அந்த வெறி வந்தவன் கேட்கும் முதல் கேள்வி என்ன? அடுத்த ஆட்டம் எப்போது? அன்பர்களே, இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சூதைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள். அடுத்த ஆட்டம் எப்போது?

லாட்டரியிலிருந்து தொடங்குவோம். கேரள அரசு 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழ்நாட்டிலும் அரசுப் பரிசுச்சீட்டு வந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். இங்கே நரைத்த தலையோடு இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். சீட்டு வாங்கினால் குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சட்டைப் பையில் ஒரு கனவு. குலுக்கல் முடிந்து நாளிதழில் எண்ணைப் பார்த்து, ஒரு நம்பரில் போயிற்றே என்று உச்சுக்கொட்டி, கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். விட்டதைப் பிடிக்கலாம் என்றால் எப்போது பிடிப்பது? அடுத்த குலுக்கல் வரை வழியில்லையே! அதற்குள் கோபம் தணிந்துவிடும். வீட்டுச் செலவு வந்துவிடும். மாமியார் ஊரிலிருந்து வந்துவிடுவார். லாட்டரி ஏழையின் காசைத் தின்னவில்லை என்று நான் சொல்லவில்லை. தின்றது. ஆனால் மெல்லத் தின்றது.

ஆனால் லாட்டரி லாட்டரியாகவே இருந்ததா? வாரக் குலுக்கல் நாள் குலுக்கல் ஆயிற்று. பிறகு ஒரு நம்பர் லாட்டரி வந்தது. ஆன்லைன் லாட்டரி வந்தது. கடைவாசலில் கும்பல் நின்றது; கூலியை வாங்கிய கையோடு அங்கேயே தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் பெருகினார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடைசெய்தது. சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள், அவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர், தெருவுக்கு வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாக ஒன்று ஓடுகிறது. மூணு நம்பர் லாட்டரி. கேரள லாட்டரி தினமும் பிற்பகல் குலுக்கப்படுகிறது அல்லவா? அதன் முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் இங்கே பந்தயம். சீட்டும் இல்லை, அச்சும் இல்லை. துண்டுத்தாளில் எண், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி.

கவனியுங்கள். குலுக்கல் அதே குலுக்கல். எண் அதே எண். 500 ரூபாய் போட்டு ஓணம் பம்பர் ஒன்று வாங்குகிறவர் அந்த ஆண்டுக்கு அந்த ஒரு சீட்டோடு நின்றுவிடுகிறார். 2023-இல் அதன் முதல் பரிசான 25 கோடி திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு அடித்தபோது நாமெல்லாம் வாயைப் பிளந்தோம். அதே கேரளத்து எண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு தினமும் மூணு நம்பர் எழுதுகிறவரோ மாதக் கடைசியில் மளிகைக் கடைக்குத் தலைமறைவாகிறார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? அடுத்த ஆட்டம் எப்போது என்பதில் இருக்கிறது. ஒருவருக்கு அடுத்த ஓணம். இன்னொருவருக்கு நாளைப் பிற்பகல்.

குதிரைப் பந்தயத்துக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பந்தயம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரைமணி போலக் காத்திருப்பு. அந்த இடைவெளியில் குதிரையைப் போய்ப் பார்ப்பார்கள், டிப்ஸ் பேசுவார்கள், டீ குடிப்பார்கள். அந்த அரைமணியைச் சும்மா விட்டார்களா? பெங்களூர், ஐதராபாத், புனே என்று வெளியூர்ப் பந்தயங்களுக்கும் கிண்டியிலேயே பணம் கட்டலாம் என்று வசதி வந்தது. இங்கே குதிரை ஓடாத நேரத்தில் அங்கே ஓடும். டீ குடிக்கும் நேரமும் சூதுக்குப் போயிற்று. சூது நடத்துகிறவன் எப்போதும் இடைவெளியைத்தான் முதலில் கொல்வான்.

இடைவெளியை முழுக்கக் கொன்ற ஆட்டம் எது? நம் ஊரில் அது கிடையாது. கோவாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் பார்த்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கும் இயந்திரம். ஐந்து விநாடிக்கு ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 720 ஆட்டம். வாரம் ஒரு குலுக்கல் பார்த்த நம் பழைய லாட்டரிக்காரர் 720 குலுக்கல் பார்க்க எத்தனை காலம் ஆகும்? ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள்! பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும். அத்தனை ஏமாற்றத்தையும் அத்தனை நப்பாசையையும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரத்தில் குடித்துவிடுகிறார்.

இன்னொரு வேடிக்கை. பல நாடுகளில் லாட்டரி வசூலில் பாதியைத்தான் பரிசாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இயந்திரங்கள் குறைந்தது 85 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. காகிதத்தில் பார்த்தால் எது நேர்மையான ஆட்டம்? இயந்திரம்தான். எது ஆளைக் கொல்கிறது? அதே இயந்திரம்தான். ஏற்றம் இறைத்த காலத்தில் கிணறு வற்றவில்லை, இறைக்க இறைக்க ஊறியது; மோட்டார் வந்தபிறகு ஊற நேரமில்லை. வேறொன்றுமில்லை, அதே கதைதான்.

ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. அந்த நாட்டில் அப்போது வாரந்தோறும் இயந்திரத்தில் ஆடியவர்கள் சுமார் ஆறு லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சூதுக்கு அடிமையாகிவிட்டவர்கள் என்று அந்த ஆணையம் கணக்கிட்டது. அது மட்டுமா? இயந்திரங்களுக்குக் கிடைக்கும் வருமானத்தில் சுமார் நாற்பது சதவீதம் இப்படி அடிமைப்பட்டவர்களின் பையிலிருந்தே வருகிறது என்றது. சொல்லுங்கள், நோயாளி குணமானால் கடை படுத்துவிடும் என்ற நிலையில் இருக்கும் தொழில், நோயாளியைக் குணப்படுத்த விடுமா?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சிகிச்சைக்கு வந்த சூதாடிகளிடம் ராபர்ட் பிரீன், மார்க் சிம்மர்மன் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒழுங்காக ஆடத் தொடங்கியதிலிருந்து நோயில் விழ எத்தனை காலம் ஆயிற்று? 2002-இல் வெளியான பதில் இது: மற்ற ஆட்டம் ஆடியவர்களுக்குச் சராசரி மூன்றரை ஆண்டு. இயந்திரத்தில் ஆடியவர்களுக்குச் சராசரி ஓர் ஆண்டு.

அந்த ஓர் ஆண்டுக்குள் என்ன நடக்கிறது? ஒரு நம்பரில் போயிற்றே என்று உச்சுக்கொட்டுகிறோமே, கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் அந்த உச்சுக்கொட்டலை மூளைக்குள்ளேயே படம் பிடித்தார்கள். மயிரிழையில் தோற்றால், ஜெயித்தபோது மூளையில் எந்த இடம் விழிக்குமோ அதே இடம் விழிக்கிறது. தோல்விதான், ஆனால் மூளை அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல், இன்னொரு முறை என்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் இன்னொரு தந்திரத்தைப் பிடித்தார்கள். நூறு காசு போட்டவனுக்கு முப்பது காசு திரும்ப வருகிறது. எழுபது காசு நஷ்டம். ஆனால் இயந்திரம் மணியடிக்கிறது, விளக்குப் போடுகிறது, பாட்டுப் பாடுகிறது! ஆடுகிறவன் உடம்பும் ஜெயித்தவன் உடம்பு போலவே சிலிர்த்துக்கொள்கிறது. நஷ்டத்துக்கு மேளம் கொட்டி ஊர்வலம் விடும் வித்தையை மனிதன் கண்டுபிடித்துவிட்டான். லாஸ் வேகாஸில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த நடாஷா டவ் ஷூல் என்ற மானிடவியலாளர் 2012-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் பேசிப் பார்த்த அடிமைகள் பலர் ஜெயிப்பதற்காக ஆடவே இல்லை. ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடினார்கள். வீடு, கடன், உடம்பு, நேரம் எதுவும் நினைவில் வராத ஓர் இடத்துக்கு இயந்திரம் அவர்களைக் கொண்டுபோய் வைத்திருந்தது. ஜெயித்தால்கூட எரிச்சல், பணத்தை எண்ணும் நேரத்தில் ஆட்டம் நிற்கிறதே!

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கதை என்று தள்ளுகிறவர்களுக்காக நார்வேயைச் சொல்கிறேன். அங்கே இந்த இயந்திரங்கள் கடைவீதியிலும் ரயில் நிலையத்திலும் பல்பொருள் அங்காடியிலும் நின்றன. அதில் வந்த பணத்தில் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளே பயன்பெற்றன; நாட்டுக்கு, நாட்டுக்கு என்று நாம் சொன்னோமே, அதே பாட்டு. 2006 ஜூலையில் பண நோட்டு விழுங்கும் வசதியை அந்த அரசு தடைசெய்தது. 2007 ஜூலை முதல் நாள் அத்தனை இயந்திரத்தையும் தூக்கிவிட்டது. சூதாடி வேறு சூதுக்குப் போய்விடுவான், தடுத்துப் பயனில்லை என்று வழக்கமாகச் சொல்வார்களே, அங்கும் சொன்னார்கள். போனார்களா? பெரும்பாலோர் போகவில்லை. நாட்டின் மொத்தச் சூதாட்டமே குறைந்தது. உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. 2009-இல் அரசு நிறுவனம் வேறு இயந்திரம் கொண்டுவந்தது. அதில் ரொக்கம் கிடையாது, அட்டை கட்டாயம், இழப்புக்கு வரம்பு, நடுவில் கட்டாய இடைவேளை. செத்த இடைவெளிக்குச் சட்டம் உயிர் கொடுத்தது.

பிரிட்டனில் பந்தயக் கடைகளில் ஓர் இயந்திரம் இருந்தது. 20 விநாடிக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 100 பவுண்டு வரை கட்டலாம். அதை 2 பவுண்டாகக் குறைப்பதாக அரசு சொல்லிவிட்டுத் தேதியைத் தள்ளப் பார்த்தது. துறை அமைச்சர் டிரேசி கிரவுச் 2018 நவம்பரில் பதவியைத் தூக்கி எறிந்தார். 2019 ஏப்ரலில் இரண்டு பவுண்டு நடைமுறைக்கு வந்தது. கொள்கைக்காகப் பதவி விலகும் அமைச்சர்! கேட்பதற்கே காதுக்கு இனிமையாக இருக்கிறது அல்லவா? சரி, நம் ஊருக்கு வருவோம்.

நம் ஊரில் சட்டமும் நீதிமன்றமும் இந்தக் கேள்வியைக் கேட்டனவா? அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டனவா? கேட்கவில்லை. வேறொரு கேள்வி கேட்டன. திறமையா, அதிர்ஷ்டமா? செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தில் ரம்மி ஆடிய வழக்கு; 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மூணு சீட்டைப் போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து அடுக்க வேண்டும், ஆகவே திறமை. 1974-இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. இருபத்திரண்டு ஆண்டு வழக்காடி 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் திறமை. சட்டப்படி அந்தத் தீர்ப்புகள் சரியாகவே இருக்கலாம். ரம்மியில் திறமை இருக்கிறது, யார் மறுத்தார்கள்? ஆனால் நோய்க்கும் திறமைக்கும் என்ன சம்பந்தம்? விழுங்குகிற மலைப்பாம்பிடம் போய் உனக்கு வாய் பெரிதா வால் பெரிதா என்று விசாரித்த கதை!

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். திறமை என்ற பேச்சு நோயைக் கூட்டுகிறது. எல்லன் லேங்கர் என்ற உளவியலாளர் 1975-இல் ஒரு சோதனை வெளியிட்டார். அலுவலகத்தில் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு. சிலருக்குச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள்; சிலரைத் தாங்களே பார்த்து எடுக்கச் சொன்னார்கள். பிறகு, திருப்பி விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கொடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு டாலர் கேட்டார்கள். தானே தேர்ந்தெடுத்தவர்கள் எட்டரை டாலருக்கு மேல் கேட்டார்கள்! வெறும் லாட்டரியிலேயே, தன் கை பட்டால் தன் சாமர்த்தியமும் அதில் ஏறிவிட்டதாக மனிதன் நினைக்கிறான் என்றால், ரம்மியில் என்ன நினைப்பான்? லாட்டரியில் தோற்றவன் தலையெழுத்து என்று நொந்துகொண்டு போவான். ரம்மியில் தோற்றவன் அந்த ஜோக்கரை வைத்திருக்கக் கூடாது, அப்போதே டிராப் ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கற்றுக்கொண்ட பாடத்தோடு அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவான். ஆறு பேரும் சூரர்களாகவே இருக்கட்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடத்துகிறவன் கமிஷனை எடுத்துக்கொண்டால் ஆறு பேர் பணம் சேர்ந்து குறைந்துகொண்டேதானே வரும்?

மன்றத்து ரம்மிக்கு ஓர் இடைவெளி இருந்தது. ஆள் சேர வேண்டும். சீட்டைக் கலைத்துப் போட வேண்டும். ரொக்கம் சட்டைப் பையில் இருக்க வேண்டும். தீர்ந்தால் எழுந்தாக வேண்டும். எதிரில் இருக்கிறவன் முகம் தெரியும். போதும்பா, வீட்டுக்குப் போ என்று சொல்ல ஒருவராவது இருப்பார். மன்றத்தைப் பூட்டவும் ஒரு நேரம் உண்டு. செல்போனுக்கு வந்த ரம்மி இவை ஒவ்வொன்றையும் கழற்றிப் போட்டது. ஆள் எந்நேரமும் உண்டு. கலைக்கும் வேலை இல்லை. பணம் விரல்நுனியில், வங்கிக் கணக்கிலிருந்து நேராக. முகம் கிடையாது. பூட்டு கிடையாது. பெயர் மட்டும் ரம்மி. இடைவெளியைப் பார்த்தால் அது லாஸ் வேகாஸ் இயந்திரத்தின் தம்பி. 1967-இல் நீதிபதிகள் பார்த்த ரம்மியும் இதுவும் ஒன்றா? பெயர் ஒன்றாக இருந்ததாலேயே ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தீர்ப்பு இதற்கும் குடை பிடித்தது.

அதன்பிறகு நடந்ததை விரைவாகச் சொல்கிறேன். 2021-இல் தமிழ்நாடு தடைச்சட்டம் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2022-இல் நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள்; சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அதில் இருந்தார். பிறகு அவசரச் சட்டம், மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டப்பேரவை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் மறுபடியும் ரம்மியையும் போக்கரையும் திறமைக் கணக்கில் விடுவித்தது. 2025-இல்தான் கேள்வி மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள்: நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது; ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் இத்தனை நேரம் ஆடிவிட்டாய் என்று எச்சரிக்கை வர வேண்டும். திறமையா என்று கேட்கவில்லை. எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ எதுவானாலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அதை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன. திருட்டுச் செயலிகள் ஒழிந்துவிட்டன என்று யாரும் மார்தட்ட முடியாது. ஆனாலும் பழைய கேள்வியை அந்தச் சட்டம் மூட்டை கட்டி வைத்தது.

சூது என்று சட்டம் சொல்லாத இடத்திலும் என் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பங்குச் சந்தையில் ஃபியூச்சர், ஆப்ஷன் என்று இளைஞர்கள் அலைகிறார்களே, 2024 செப்டம்பரில் சந்தையைக் கண்காணிக்கும் செபி கணக்குச் சொன்னது: மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செபி கொடுத்த மருந்துகளில் ஒன்று என்ன தெரியுமா? வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு ஆப்ஷன் முடிந்துகொண்டிருந்ததை, ஒரு சந்தைக்கு வாரம் ஒன்று என்று குறைத்தது. அதே மருந்து! இடைவெளி!

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. ஆட்டத்தை ஏன் குறை சொல்கிறாய், ஆளைச் சொல் என்பார்கள். பிரிட்டனின் 2007 கணக்கெடுப்பை டெபி லாப்ளான்ட் குழுவினர் அலசினார்கள். ஒருவர் எத்தனை வகைச் சூது ஆடுகிறார் என்பதைக் கணக்கில் சேர்த்தவுடன், தனித்தனி ஆட்டங்கள் மேல் இருந்த பழி பெரும்பாலும் கரைந்துவிட்டது. லாட்டரியும் வாங்கி, குதிரையும் கட்டி, சீட்டும் ஆடி, இயந்திரத்திலும் உட்காருகிறவனே பெரிய ஆபத்தில் இருக்கிறான் என்று தெரிந்தது. உண்மைதான். ஆனால் எல்லாம் கரைந்தபிறகும் கரையாமல் நின்ற ஒன்று உண்டு: இயந்திர ஆட்டம். சுவீடனில் பெர் பிண்டே முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. சூதுக்கு அடிமைப்பட்டவர்களில் சுமார் பாதிப்பேர் தவறாமல் ஆடுவது ஒன்றோ இரண்டோ வகைதான். நூறு வகை வேண்டியதில்லை. வேகமான ஒன்று போதும். மனிதருக்கு மனிதர் பலவீனம் வேறுபடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலவீனமானவன் தெருவில் நடந்தால் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை முடிவு செய்கிறவர்கள் நாம்தானே, நம் சட்டம்தானே?

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மகனோ கணவனோ ஆடுகிறார் என்று தெரிந்தால், எவ்வளவு போயிற்று என்று கேட்டு அழாதீர்கள், உண்மை வராது. எந்த ஆட்டம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இரவு எத்தனை மணி வரை என்று கேளுங்கள். நகையை விற்று முழுக் கடனையும் ஒரே நாளில் அடைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். தருமனுக்குத் திருதராட்டிரன் செய்தது அதுதான். அடுத்தவர் கையால் கடன் அடைவதே நோயின் ஓர் அடையாளம் என்று முன்பே சொன்னேன். கடனை அடைப்பதானால் வங்கிக் கணக்கும் செல்போனில் பணம் அனுப்பும் வசதியும் கொஞ்ச காலம் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும்; பணத்துக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி விழட்டும். பிறகு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவமானப்பட இதில் ஒன்றுமில்லை. எங்கே போவது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. வெளியே போகும்போது இந்த எண்ணை உங்கள் செல்போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.